இப்ப நல்லா இருக்கான்

உங்கள் ஆஸ்பத்திரி கேன்டீனில் வெங்காய அவல் நன்றாகவே செய்கிறார்கள், டாக்டர். வேர்க்கடலையைக் கருகவிடாமல் வறுத்திருக்கிறார்கள், எலுமிச்சம்பழத் துண்டும் கேட்காமலே வைக்கிறார்கள். என் மனைவி மேதாவுக்கும் ஒரு தட்டு வாங்கிக் கொடுத்தேன். அவள் தொடவில்லை. வெளியே பெஞ்சில் அவள் பக்கத்தில் ஆறிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் மங்களூர்ப் பக்கம் என்று நர்ஸ் சொன்னார், அதனால் இதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மராத்தி வீடுகளில் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு இந்த அவலைத்தான் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். பெண் பார்க்கப் போவதற்கே 'அவல் சாப்பிடப் போவது' என்றுதான் பேச்சு. என் மைத்துனன் சதானந்த், அதாவது உங்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவன், எட்டு வீட்டில் அவல் சாப்பிட்டவன்.

நீங்கள் என்னிடம் கேட்டது இரண்டு கேள்வி. மின்சார சிகிச்சைக்கு நான் ஏன் இன்னும் சம்மதம் தரவில்லை என்பது ஒன்று. சின்ன வயதில் அவனுக்கு என்ன நோய் வந்தது என்பது இன்னொன்று. எதுவுமே வரவில்லை என்கிறாள் அவன் அக்கா. வந்தது, வீட்டில் எல்லோரும் மறைத்துவிட்டார்கள் என்று சேர்த்த அன்று உங்களிடம் சொல்லியிருக்கிறான் அவன். இரண்டும் பொருந்தாமல் போனதால் என்னைத் தனியாகக் கூப்பிட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கதை சொல்வது என் பிழைப்பு. சுருக்கிச் சொல்ல எனக்கு வராது, பொய் சொல்லவும் வராது.

நான் திரைக்கதை எழுதுகிறவன். வெர்சோவாவில் எந்தக் காபிக் கடையில் நுழைந்தாலும் மேஜைக்கு ஒருவராக என்னைப் போன்றவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். இந்தத் தொழிலில் நீங்கள் எழுதியதை யாரும் படிக்கமாட்டார்கள். எதிரே உட்காரவைத்து, சொல்லு என்பார்கள். நரேஷன் என்று அதற்குப் பெயர். எங்கே மூச்சு விட வேண்டும், எந்த வார்த்தைக்கு முன்னால் நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவனுக்குத்தான் பிழைப்பு. எனக்கு அது தெரியும். ஆனால் கதைதான் யாருக்கும் பிடிக்கவில்லை. எத்தனை ஓடிடி அலுவலகங்களில் ஏறி இறங்கியிருக்கிறேன் தெரியுமா. கண்ணாடி அறை, தண்ணீர் பாட்டில், இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். "நல்லா இருக்கு, ஆனா இது எங்கேயோ பாத்த மாதிரி இருக்கே" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிடுவார்கள். என் தலை அந்தக் கண்ணாடி அறைகளில்தான் நரைத்தது.

சதானந்த் எனக்கு மகன் மாதிரி. அப்பா அம்மா போன பிறகு மேதாதான் அவனை வளர்த்தாள், எங்களுக்குக் கல்யாணமான பிறகு நானும் சேர்ந்து வளர்த்தேன். தாதரில் காது கேட்கும் கருவி விற்கிற கடையில் வேலை. அதனால் அவனுக்கு ஒரு பழக்கம், யாரிடமும் சத்தமாக, நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவான். டோம்பிவிலியில் தனி அறையில் இருந்தான், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுவான். படி ஏறும்போதே, "அக்கா, இன்னிக்கு மீனா கோழியா?" என்று அவன் கேட்பது நான்கு மாடிக்கும் கேட்கும்.

முதல் மூன்று வீடுகள் தானாகவே தட்டிப்போனவை. அதில் என் பங்கு எதுவும் இல்லை, இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். முதல் வீட்டில் பெண்ணின் அப்பாவிடம் பழக்கதோஷத்தில், "உங்க... பொண்ணு... எங்க... படிச்சாங்க?" என்று காதருகே குனிந்து கத்திவிட்டான். அவர் தன்னைக் கிழவன் ஆக்கிவிட்டான் என்று கோபித்துக்கொண்டார். இரண்டாவது வீட்டில் ஒரு செவிட்டுத் தாத்தா. அவர் பின்னால் ஸ்பூனைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தாவுக்குக் காது நல்லாவே கேக்குதே" என்று கூடத்தில் சந்தோஷமாக அறிவித்தான். பல வருஷமாக மருமகள்கள் அவர் எதிரிலேயே அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவல் தட்டு காலியாகும் முன்பே அந்த வீடு இரண்டாகிவிட்டது. மூன்றாவது வீட்டுப் பெண், நான் வேறு ஒருவரை விரும்புகிறேன், நீங்களே என்னைப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். இவனும் சொன்னான். அவள் அம்மா இவன் மூக்கைப் பற்றி ஒரு பத்து நிமிஷம் பேசினாளாம்.

இதையெல்லாம் அவன் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் நடித்துக் காட்டுவான். மேதா சிரித்துச் சிரித்துப் புரைக்கேறுவாள். நானும் சிரிப்பேன், கேட்டுக்கொள்வேன்.

ஒரு நாள் நவ்யா கேரா என்கிற பெண்ணின் எதிரே உட்கார்ந்திருந்தேன். ஓடிடி நிறுவனம் ஒன்றில் நகைச்சுவைத் தொடர்களைத் தேர்ந்தெடுக்கிறவள். என் கதையைக் கேட்டுவிட்டுக் கொட்டாவியை அடக்கினாள். எழுந்து வரும்போது, சும்மா பேச்சுக்கு, அந்தச் செவிட்டுத் தாத்தா விஷயத்தைச் சொன்னேன். உட்காரச் சொன்னாள். மூன்று வீட்டையும் சொன்னேன். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இது நிஜமா நடந்ததா?"

"ஒரு வார்த்தை மாத்தாம."

"அதுதான் எங்களுக்கு வேணும், ஸ்ரீரங். உக்காந்து யோசிச்ச காமெடி கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. எட்டு எபிசோட், எபிசோடுக்கு ஒரு வீடு. எட்டு இருக்கா?"

இருக்கிறது என்று சொன்னேன். வாயில் வந்துவிட்டது. மிச்சம் ஐந்தையும் நானே எழுதியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். ஊரில் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். நான் உட்கார்ந்தும் பார்த்தேன். எனக்குக் கூசியது. நிஜம் என்று ஒருத்தியிடம் சொல்லிவிட்டுக் கற்பனையைக் கொண்டுபோய்க் கொடுப்பது ஏமாற்று வேலை இல்லையா. அதனால் காத்திருந்தேன். அவன் ராசிக்கு எப்படியும் தட்டிப்போகும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

நான்காவது வீட்டுக்காரர்கள் எனக்கு போன் செய்தார்கள். பெண் கொடுக்கும் முன் பையனைப் பற்றி விசாரிப்பது வழக்கம். அப்பா இல்லாத பையன் என்றால் அக்கா புருஷனைத்தான் கேட்பார்கள். அவனுக்கு அப்போதுதான் டெங்கு வந்து போயிருந்தது. பையன் உடம்பெல்லாம் எப்படி என்று அவர்கள் கேட்டார்கள். நான், "இப்ப நல்லா இருக்கான்" என்றேன். டெங்குவை நினைத்துத்தான் சொன்னேன். அந்தப் பக்கத்திலிருந்து, "இப்பன்னா?" என்றார் ஒருவர். நான் ஏதோ சிக்னல் கிடைக்காத இடத்தில் இருந்தேன், லைன் போய்விட்டது. அடுத்த நாள் தரகர் வந்து ஜாதகம் சேரவில்லை என்றார்.

எனக்குப் புரிய இரண்டு நாள் ஆனது. புரிந்தபோது, டாக்டர், நான் வெட்கப்படாமல் சொல்கிறேன், எனக்கு ஒரு பிரமிப்பு வந்தது. இத்தனை வருஷம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன், ஒரு மனிதனை அசைக்க முடியவில்லை. 'இப்ப' என்று கூட்டிச் சொன்ன ஒரு வார்த்தை ஒரு குடும்பத்தையே எழுந்து போகவைத்துவிட்டது.

ஐந்தாவது வீட்டுக்கு அதே வார்த்தையைச் சொன்னேன், அதற்கு முன்னால் சின்னதாக ஒரு மூச்சு விட்டேன். ஆறாவது வீட்டில், "அவன் அக்காவுக்குத்தான் கொஞ்ச நாள் தூக்கம் இல்லாம இருந்துச்சு, இப்ப நல்லா இருக்கான்" என்றேன். மேதாவுக்குத் தைராய்டு இருந்ததால் தூக்கம் வரவில்லை, அது உண்மை. ஏழாவது வீட்டில் கெட்ட பழக்கம் உண்டா என்று கேட்டார்கள். நான் அன்பாகச் சிரித்து, "அதெல்லாம் எதுக்குங்க, பழைய கதை" என்றேன். அவனுக்குப் பழைய கதையும் இல்லை, புதுக் கதையும் இல்லை. பொய் என்று ஒரு வார்த்தையை இதில் நீங்கள் எடுத்துக்காட்ட முடியாது. அவனைப் பற்றி ஒரு குறைகூட நான் சொன்னதில்லை.

ஒவ்வொரு வீடும் தட்டிப்போன பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை அவன் நடித்துக் காட்டினான். தரகர் பார்வையைத் தவிர்ப்பது, பெண்ணின் சித்தி இவன் கையில் நடுக்கம் இருக்கிறதா என்று தேநீர்க் கோப்பையையே பார்த்தது, போகும்போது எல்லோரும் இவனிடம் கண்ணாடிப் பாத்திரத்தைத் தொடுவது போலப் பேசியது. நன்றாகத்தான் செய்தான். ஆனால் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. ஏழாவது வீட்டைச் சொல்லி முடித்துவிட்டு, "என் மூஞ்சில என்ன அத்தான் இருக்கு? எனக்குத் தெரியாம ஏதாவது இருக்கா?" என்று கேட்டான். நான் அந்த வரியை அப்படியே எழுதிக்கொண்டேன். நவ்யாவுக்கு மிகவும் பிடித்த வரி அதுதான்.

எட்டாவது வீடுதான் சங்கடம். கேதகி என்று பெயர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். மைதானத்தில் கத்திக் கத்திப் பழகியவள், அவளுக்கும் மெதுவாகப் பேச வராது. இவன் கத்த, அவள் கத்த, இருவருக்கும் ஒருவரை ஒருவர் பிடித்துவிட்டது அந்தக் கட்டடம் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. அவல் தட்டை வாங்கிக்கொண்டு, உப்பு கொஞ்சம் குறைவு என்று இவன் சொல்லியிருக்கிறான். "அப்ப நாளையிலேர்ந்து நீங்களே செய்யுங்க" என்றாளாம் அவள். நாளையிலிருந்து என்று அவள் சொன்னதை எங்கள் வீட்டில் ஒரு பதினைந்து தடவையாவது சொல்லியிருப்பான். மேதா அன்றைக்கே நகைக்கடைக்குப் போக வேண்டும் என்றாள். அவன் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை நம்புங்கள்.

நவ்யாவிடம் போய்ச் சொன்னேன். அவள் பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டிருந்தாள்.

"கல்யாணம் ஆயிட்டா கதை முடிஞ்சுபோச்சே. ரெண்டாவது சீசன் எங்க இருக்கு?"

"நிஜத்துல அப்படித்தானே நடக்குது."

"அப்ப நிஜம் அவ்வளவுதான்னா, மேலிடத்துல வேணாம்னு சொல்லிடுவாங்க, ஸ்ரீரங். நான் போராட முடியாது."

அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்கு எதுவும் தெரியாது. முடிவை மாற்றி எழுதிக் கொண்டுவா என்றுதான் அவள் நினைத்திருப்பாள். காகிதத்தில் மாற்றுவது அவளுக்கு எளிது. நான் அப்படிப்பட்ட எழுத்தாளன் இல்லை.

கேதகியின் அப்பா கர்ணிக் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், நிதானமான மனிதர். அவர் போன் செய்தபோது நான் என் வார்த்தையைச் சொன்னேன். அவர் லேசில் விடவில்லை. ஏதாவது மருந்து சாப்பிடுகிறாரா என்று நேராகக் கேட்டார். "அதை நான் சொல்றது நல்லா இருக்காது" என்றேன். அவர் நன்றி சொல்லி போனை வைத்துவிட்டார். இத்தோடு முடிந்திருக்க வேண்டும். முந்தைய நான்கு வீட்டிலும் முடிந்ததே.

ஆனால் அந்தப் பெண் சும்மா இருக்கவில்லை. அப்பா சொன்னதை நேராகப் போய் இவனிடமே கேட்டுவிட்டாள். நம் பக்கத்தில் யாரும் அப்படிக் கேட்பதில்லை, ஜாதகம் என்று சொல்லி ஒதுங்கிவிடுவார்கள். அவள், "இப்ப நல்லா இருக்கீங்களாமே. முன்ன என்ன வந்துச்சு? எதுவா இருந்தாலும் சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்" என்றிருக்கிறாள்.

மறுநாள் மத்தியானம் வெர்சோவாவில் நான் உட்காரும் காபிக் கடைக்கு அவன் வந்தான். கடைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். பக்கத்து மேஜையில் யாரோ யாருக்கோ பேய்ப் படம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவன் எதிரே உட்கார்ந்து, நான் குனிந்துதான் கேட்க முடிந்தது, அவ்வளவு மெதுவாகப் பேசினான்.

"அத்தான், எனக்குச் சின்ன வயசுல என்ன வந்துச்சு?"

நான் நோட்டை மூடிவைத்தேன்.

"ஏழு வீடும் ஏன் போச்சுன்னு இப்பதான் புரியுது. ஊருக்கே தெரிஞ்சிருக்கு, எனக்கு மட்டும் தெரியல. நீங்களும் அக்காவும் எனக்குத் தெரியக்கூடாதுன்னு மறைச்சிருக்கீங்க. கோவிச்சுக்கல அத்தான். என்ன வியாதின்னு மட்டும் சொல்லுங்க. கேதகி கேக்கறா."

உனக்கு ஒன்றும் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியானால் யார் சொன்னது என்பதுதான். அது மட்டும் இல்லை, டாக்டர். உங்களிடம் எதையும் மறைக்கவில்லை நான். அந்த நொடியில் எனக்குத் தெரிந்தது, இது ரெண்டாவது சீசனின் முதல் காட்சி என்று. இல்லாத நோயைத் தேடிக்கொண்டு போகிற ஒருவன். இப்படி ஒன்றை எந்த எழுத்தாளனாலும் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது.

நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். "இப்ப எதுக்குடா சதா அதெல்லாம். அக்காகிட்ட மட்டும் கேட்டுடாத, தாங்க மாட்டா" என்றேன்.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்ததற்கு நன்றி சொன்னான். பிறகு எழுந்து போய்க் கேதகிக்கு போன் செய்து, தன்னை மறந்துவிடும்படி அவனே சொல்லிவிட்டான். அவள் இரண்டு முறை எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாள். இரண்டு முறையும் நான்தான் கதவைத் திறந்தேன். அவனே வேண்டாம் என்கிறானே அம்மா, நாங்கள் என்ன செய்ய என்று சொல்லி அனுப்பினேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். பஸ் நம்பரை மறந்தால் அதுதான் நோய் என்றான். தூக்கம் வராவிட்டால் அதுதான் என்றான். டாக்டர் டாக்டராகப் போனான், அவர்கள் ஒன்றும் இல்லை என்றால் அவர்களுக்கும் நான் சொல்லிவைத்துவிட்டேன் என்று நினைத்தான். கடை வேலை போனது. சோறு இறங்கவில்லை. அக்காவைப் பார்த்தால் அழுதான், காரணம் கேட்டால் சொல்லவில்லை, நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அப்படி ஒரு பிள்ளை. முதல் சீசன் படப்பிடிப்பு தொடங்கிய வாரத்தில்தான் மேதா இங்கே கொண்டுவந்து சேர்த்தாள். எல்லோரும் நன்றாக நடிக்கிறார்கள். சதானந்தாக நடிக்கிற பையனுக்குத்தான் சத்தம் போதவில்லை.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். மின்சாரம் வைத்தால் சாப்பிட ஆரம்பித்துவிடுவான், ஆனால் கடைசிச் சில மாதங்களின் ஞாபகம் கொஞ்சம் அழிந்துபோகலாம் என்று சொன்னீர்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. அந்தச் சில மாதங்கள்தான் எல்லாம். நவ்யா ரெண்டாவது சீசன் வார்டுக்குள்ளேயே நடக்கட்டும் என்றுவிட்டாள், யாரும் இதுவரை செய்யாதது என்று குதிக்கிறாள். நான் வாரம் தவறாமல் வந்து அவன் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்துக் கட்டில்காரர் எப்படி, சாப்பாடு எப்படி, உள்ளே என்ன தோன்றுகிறது என்று கேட்கிறேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்கிறான். அவன் சொல்லும் முன்பே நீங்கள் துடைத்துவிட்டால் நான் எங்கே போவேன்.

ஆகவே இன்னொரு மருந்து இருக்கிறது என்று சொல்லத்தான் வந்தேன். அதற்கு மின்சாரம் வேண்டாம். அவனுக்கு எந்த நோயும் இல்லை. சின்ன வயதில் அம்மை போட்டது, ஒருமுறை சைக்கிளிலிருந்து விழுந்து கை ஒடிந்தது, அவ்வளவுதான். மேதா சொன்னதுதான் சரி. எட்டு வீட்டில் ஐந்தை நான் கெடுத்தேன். அந்த நோயை அவனுக்குக் கொடுத்தது நான். இதை அவனிடம் சொல்லிவிட்டால் போதும், எழுந்து உட்கார்ந்துவிடுவான், பேசுவான்.

எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். கதவைத் திறந்து மேதாவைக் கூப்பிடப் போகிறீர்கள் என்று தெரிகிறது, கூப்பிடுங்கள். ஆனால் அவனிடம் நான்தான் சொல்லுவேன். வேறு யார் வாயிலிருந்தும் அவன் அதைக் கேட்கக் கூடாது, நான் அவனுக்கு அப்பா ஸ்தானத்தில் இருக்கிறவன். நீங்கள் மட்டும் பக்கத்தில் இருங்கள். எனக்கு இளகின மனசு, டாக்டர், சொல்லும்போதே அழுதுவிடுவேன், அப்போது எதுவும் காதில் விழாது. அதைக் கேட்டதும் அவன் முதலில் என்ன சொல்கிறான் என்பதை நீங்கள் ஒரு வார்த்தை மாறாமல் எனக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.